கித்துல்கல ஓட்டம்: மகனுக்கு

வெள்ளவத்தை

அன்பின் மகன்,

பைக் கிளப் தோட்டப் பாடசாலைக்கு நன்கொடை கொண்டுபோகும் கித்துல்கல ஓட்டத்துக்கு இந்த முறை நீதான் பொறுப்பு என்று கேள்விப்பட்டு அம்மாவுக்கும் எனக்கும் பெரிய சந்தோஷம். டுபாயிலிருந்து வந்த கையோடு முப்பது பைக்கைக் கூட்டிக்கொண்டு போவது லேசான வேலை இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முப்பது பேரையும் ஒரே வரிசையில் விடாதே. முன்னால் போகிறவன் 50இல் நிதானமாகத்தான் போவான். ஆனால் ஒவ்வொரு சிக்னலிலும் ஒவ்வொருவரும் ஒரு நொடி, இரண்டு நொடி பிந்திக் கிளம்ப, கடைசியில் இருப்பவர் பிடிக்க 80இல் முறுக்க வேண்டி வரும். அந்தக் கடைசி ஆள் பெரும்பாலும் ஸ்கூட்டியில் வரும் புதியவர். எட்டுப் பேருக்கு மேல் ஒரு குழு வேண்டாம். ஐந்து நிமிட இடைவெளியில் விடு. ஒவ்வொரு குழுவிலும் மெதுவான வண்டி தலைவருக்கு அடுத்ததாக வரட்டும்; அனுபவசாலி கடைசியில் வரட்டும். நேர் வீதியில் இடம் வலமாகத் தள்ளித் தள்ளிப் போங்கள்; வளைவில் ஒற்றை வரிசை.

பத்தரமுல்லையிலிருந்து காலை 6 மணிக்குக் கிளம்பினால் கடுவெல, ஹங்வெல்ல வரை வீதி வெறிச்சென்று இருக்கும். பெற்றோலை முதல் நாளே அடிக்கச் சொல்லு. முப்பது வண்டியும் காலையில் ஒரு ஷெட்டுக்குள் போனால் அரை மணித்தியாலம் அங்கேயே போய்விடும். அவிசாவளையில் இரத்தினபுரி வீதியும் ஹட்டன் வீதியும் பிரிகிற இடத்தில் ஒருவரை நிறுத்து. கடைசி வண்டி வந்து கை காட்டும்வரை அவர் அசையக்கூடாது. ஆள் தவறுவது அங்கேதான். யட்டியாந்தோட்டை தாண்டினால் வளைவுகள்; ஹட்டன் பஸ்கள் நடுக்கோட்டை மதிக்காது. அந்தப் பக்கம் பின்னேரம் மழை அடிக்கடி வரும், ஆகவே 1 மணிக்குள் திரும்ப ஏறுங்கள். கடைசிக் குழுவிடம் பஞ்சர் கிட், கைப்பம்பு, முதலுதவிப் பெட்டி இருக்கட்டும். அம்புலன்சுக்கு 1990, எல்லோர் போனிலும் இருக்க வேண்டும்.

உன் பைக் மாதக்கணக்காக நின்றது. பழைய பெற்றோலை வடித்துவிடு, இல்லாவிட்டால் காபரேற்றர் ஜெட், அதுதான் பெற்றோல் வரும் சின்னத் துளை, அடைபடும். பற்றரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சார்ஜ் போடு. செயின் தளர்வு கையேட்டில் உள்ளபடி இருக்கட்டும். இறுக்கமாக வைத்தால் பின்னால் ஆள் ஏறியதும் இன்னும் இழுபட்டு பெயாரிங்கைத் தின்னும். ரெவனியூ லைசன்ஸ் (வண்டியின் வருடாந்த அனுமதிப்பத்திரம்) முடிந்திருந்தால் புகைப் பரிசோதனையிலிருந்து தொடங்கவேண்டும், நாளாகும். இன்னொன்று: அங்கே வலப்பக்கம் ஓட்டிப் பழகிய கண் உனக்கு. குழுவுக்கு முன்னால் போக முதல், இரண்டு நாள் தனியே ஓடிப் பார். சந்தியில் திரும்பும்போதுதான் பழக்கம் ஏமாற்றும்.

இனிக் காசு. இதில்தான் நல்ல கிளப்புகளும் பெயர் கெடுகின்றன. சாப்பாட்டுக் காசையும் நன்கொடையையும் ஒரே உறையில் வாங்காதே. ஒருவரிடம் 3000 ரூபாய் என்றால், அதில் 1000 சாப்பாடு, 2000 பாடசாலைக்கு என்று பற்றுச்சீட்டிலேயே பிரித்து எழுது. இரண்டு பேர் எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடட்டும். ரீசேட் அடிக்கும் செலவு நன்கொடையில் கை வைக்கவே கூடாது.

தோட்டப் பாடசாலைக்கு என்ன வாங்குவது என்பதை நீங்கள் தீர்மானிக்காதீர்கள். பாடநூல் அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது. குறைவது அப்பியாசக் கொப்பியும் சப்பாத்தும்தான். அதிபரிடம் வகுப்புவாரியாகப் பிள்ளைகள் தொகையும் சப்பாத்து அளவும் முன்கூட்டியே எடு. அளவு தெரியாமல் வாங்கிய சப்பாத்து அலுமாரியில்தான் கிடக்கும். சாமான் பைக்கில் வேண்டாம், ஒரு வானில் பின்னால் வரட்டும். பழுதான வண்டியையும் அதிலேயே ஏற்றலாம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் படத்துக்காக வரிசையில் நிற்க வைக்காதீர்கள், ராசா. அதிபரிடமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமும் கொடுத்து, எழுத்தில் பெற்றுக்கொண்டு வாருங்கள்.

பற்றுச்சீட்டுப் புத்தகத்தை நான் இங்கே அச்சடிப்பிக்கிறேன், இலக்கமிட்டு, நகல் தாளோடு. கிளப்பின் பெயரை எப்படிப் போடவேண்டும் என்று மட்டும் எழுது.

அப்பா