படத்துக்கு நாலு வரி

கிருஷ்ணகிரி

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய செய்தி அறிந்து மகிழ்ந்தோம். இங்கே அனைவரும் நலம். தருமபுரியில் நீ எடுக்கவிருக்கும் பயிற்சி வகுப்புக்கு ஸ்லைடுகள் தயாரித்துக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தாயே, அதைப் பற்றியே இக்கடிதம்.

இந்த ஆண்டு என் புவியியல் வகுப்பில் பார்வையற்ற மாணவர் ஒருவர் இருக்கிறார். என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பானைக் கொண்டு, நான் அனுப்பும் பவர்பாயிண்ட் கோப்புகளைக் காதால் படிக்கிறார். ஒருநாள் தம் ஹெட்போனை என்னிடம் நீட்டி, "கேளுங்கள் ஐயா" என்றார். தலைப்பை ஒழுங்காக வாசித்த அந்தக் குரல், நான் அரைநாள் உட்கார்ந்து வரைந்த வரைபடத்தை "பிக்சர் 4" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டது.

அன்றிரவே படத்தின்மேல் ரைட் கிளிக் செய்து, திரைவாசிப்பான் வாசிப்பதற்கான பட விளக்கத்தை எழுதும் ஆல்ட் டெக்ஸ்ட் பெட்டியில் "தென்பெண்ணை ஆற்றின் வரைபடம்" என்று எழுதினேன். "அதைத்தான் தலைப்பிலேயே கேட்டுவிட்டேனே ஐயா" என்று மறுநாள் சிரித்தார். அந்தப் படத்தை எதற்காக வைத்தேன் என்று அதன்பிறகுதான் யோசித்து, இப்படி மாற்றினேன்: "கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி, அடுத்துக் கிருஷ்ணகிரி, பின்னர் சாத்தனூர் என அணைகளைக் கடந்து, கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது." ஆற்றுக்கோடு நீல நிறம் என்பதை எழுதவில்லை, பாடத்துக்கு அது தேவையில்லை.

ஒகேனக்கல் புகைப்படம் ஒன்றை இரண்டு பாடங்களில் வைத்திருக்கிறேன். நீர் அரிப்பைப் பற்றிய பாடத்தில், காவிரி பாறைகளுக்கிடையே பல கிளைகளாகப் பிரிந்து விழுவதை எழுதினேன். பிழைப்பைப் பற்றிய பாடத்தில், அதே படத்தின் மூலையில் பரிசல் தள்ளுபவரை எழுதினேன். மென்பொருள் தானாக எழுதித் தரும் விளக்கத்துக்கு இந்த வேறுபாடு எப்படித் தெரியும்? அதை அப்படியே விட்டுவிடாதே. மழையளவு வரைபடம் என்றால், எந்த மாதத்தில் ஏறுகிறது, எதில் இறங்குகிறது என்பதை ஒரு வரியில் எழுதி, எண்களைப் பக்கத்தில் அட்டவணையாகக் கொடுத்துவிடு. ஓரத்துப் பூ வேலைப்பாட்டை 'டெக்கரேட்டிவ்', அதாவது வெறும் அலங்காரம், என்று குறித்தால் போதும். என்னைக் கேட்டால் எடுத்தே விடலாம்.

இன்னொன்று, கோப்பைப் பிரிண்ட் கொடுக்கும் வழியாகப் பிடிஎஃப் ஆக்காதே. 'சேவ் அஸ்' வழியாகவே ஆக்கு. அவசரத்தில் நான் முதல் வழியில் ஆக்கி அனுப்பிய ஒரு பாடத்தில், எழுதிய விளக்கங்கள் ஒன்றுகூட மாணவரிடம் போய்ச் சேரவில்லை.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்