ஃபிக்ஸ் வந்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜி.பி.எஸ். பிழையைச் சரிசெய்யும் திருத்த சிக்னல் வந்துவிட்டதால் இனி எல்லைத் தகராறே இருக்காது என்ற தொனியில் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் நில அளவையாளன். அந்தச் சிக்னலை வாங்கும் ஜி.பி.எஸ். கருவிதான் எனக்குச் சோறு போடுகிறது. கட்டுரை சொன்னது பாதிதான்.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. சிக்னல் வந்து சேரும் நேரத்தில் ஒரு நானோ நொடி பிசகினாலே தூரத்தில் 30 செ.மீ. பிசகும். கடிகாரம், சுற்றுப்பாதை, அயனி மண்டலம் என்று ஆளுக்கொரு பிழையைச் சேர்ப்பதால்தான் செல்போன் சில மீட்டர் தள்ளிக் காட்டுகிறது. இருப்பிடம் துல்லியமாகத் தெரிந்த புள்ளியில் இன்னொரு ரிசீவரை நிறுத்தினால் (பேஸ் என்போம்), சிக்னல் எவ்வளவு தவறுகிறது என்று அது கணக்கிட்டு என் கையிலுள்ள ரோவருக்கு அனுப்பிவிடும். ஆர்.டி.கே. எனப்படும் இந்த உடனடித் திருத்த முறையில், சிக்னலைச் சுமந்து வரும் சுமார் 19 செ.மீ. நீளமுள்ள ஊர்தி அலையையே அளவுகோலாக்குவதால் ஒன்றிரண்டு செ.மீ. துல்லியம் கிடைக்கிறது. கட்டுரையில் இத்துடன் சேர்த்து எழுதப்பட்ட இந்தியாவின் ககன், அமெரிக்காவின் வாஸ் போன்ற, செயற்கைக்கோள் வழியே திருத்தம் அனுப்பும் சேவைகள் எல்லாம் விமானங்களை மனதில் வைத்துச் செய்தவை. மீட்டர் கணக்கு வேலைக்குப் போதும், வரப்புக்கு ஆகாது.

சரி, விட்டுப்போனது என்ன? பேஸுக்கும் ரோவருக்கும் பொதுவான பிழைதான் கழியும். என் பக்கத்துத் தகரக் கூரையில் பட்டுத் திரும்பும் சிக்னலைப் பற்றி பேஸுக்கு எதுவும் தெரியாது. அந்த மாதிரி இடத்தில் ரோவர் கம்பை ஊன்றி, அது நேராக நிற்க மட்டக் குமிழியை நடுவில் நிறுத்திக் காத்திருந்தால், திரையில் ஃப்ளோட், ஃப்ளோட் என்றே காட்டிக்கொண்டிருக்கும் (அலைகளின் எண்ணிக்கை இன்னும் முடிவாகவில்லை என்று பொருள்). திடீரென்று ஃபிக்ஸ் ஆகும், அதாவது எண்ணிக்கை முடிவாகிவிட்டது என்று கருவி சொல்லும். அவசரக்காரர் புள்ளியைப் பதிந்துவிட்டுக் கிளம்பிவிடுவார். ரோவரை அணைத்துப் போட்டு, சற்று நேரம் கழித்து அதே இடத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள்; சில சமயம் வேறு எண் வரும். முதலில் வந்தது பொய் ஃபிக்ஸ்.

இதைவிட மோசமானது பேஸ் புள்ளியே தவறாக இருப்பது. அதன் ஆயத்தொலைவு அரை மீட்டர் தவறென்றால் மொத்த வரைபடமும் அரை மீட்டர் நகர்ந்துவிடும். ஆனால் கல்லுக்குக் கல் டேப் பிடித்தால் அளவு சரியாகவே வரும்! யாருக்குச் சந்தேகம் வரும்? பேஸ் தூரமாகப் போனாலும் துல்லியம் குறையும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் பொழுது சாய்ந்தபின் அயனி மண்டலம் கொந்தளிப்பது தனித் தொல்லை. நான் எல்லைக்கல் வேலையைப் பகலிலேயே முடித்துக்கொள்வேன்.

ஆகவே, அளவை வரைபடம் வாங்குபவர்கள் துல்லிய எண்ணை மட்டும் பார்க்க வேண்டாம். பேஸ் எந்தப் புள்ளியில் இருந்தது, எவ்வளவு தூரத்தில் இருந்தது, ஒவ்வொரு புள்ளியும் ஃபிக்ஸா ஃப்ளோட்டா, மறு அளவீடு எடுத்தார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இவை எல்லாம் எங்கள் கருவியின் கோப்பிலேயே கிடக்கும். எடுத்துத் தர எங்களுக்குத் தனிச் செலவு எதுவும் இல்லை.

இப்படிக்கு,
நில அளவையாளர் ஒருவர்