பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

மோட்டார் ரிப்பேர் பார்த்தாயிற்று. அத்தை வந்து போனாள். மற்றதை அம்மா எழுதுவாள். பையில் குளுக்கோஸ் வைத்திருக்கிறாய் அல்லவா?

மூன்று வாரமாக நீ போன் எடுக்கவில்லை. ‘நல்லா இருக்கேன்’ என்று ஒரு மெசேஜ், அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்பிலேயே சுகருக்குத் தானாக இன்சுலின் ஊசி போட்டுக்கொண்ட பெண் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான். எனக்கு இது போதுமா?

பொங்கலுக்கு வந்தபோது இரண்டாவது இட்லியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டின் ஓரமாக ஒதுக்கினாய். அன்று ராத்திரி குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வாந்தி எடுத்தாய். காலையில் தொட்டியில் பார்த்தேன். மதியம் சாப்பிட்ட கொத்தவரங்காய், நறுக்கினது நறுக்கினபடியே கிடந்தது. உன்னிடம் கேட்க வாய் வரவில்லை.

அப்புறம் டாக்டரிடம் கேட்டேன், படித்தும் பார்த்தேன். ரொம்ப வருஷம் சுகர் இருந்தால் இரைப்பையின் நரம்பு கெட்டு, சாப்பாடு கீழே இறங்காமல் தங்கிவிடுமாம். அமெரிக்காவில் ஓம்ஸ்டெட் கவுண்டி என்ற வட்டாரத்தில் கணக்கெடுத்தபோது, எல்லாக் காரணமும் சேர்த்து, லட்சம் ஆண்களில் சுமார் 10 பேருக்கு இந்தத் தேக்கம் இருந்ததாம். பெண்களில் சுமார் 38 பேருக்கு. சாப்பாடு இறங்க இரைப்பைத் தசை தளர வேண்டும், அதற்கு உடம்பே உண்டாக்கும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு வேண்டும். அதை உண்டாக்கும் நொதி இரண்டிரண்டாக இணைந்தால்தான் வேலை செய்யும். சுகர் வந்த பெண் எலிகளில் அந்த இணைப்பே குலைந்துபோவதைப் பார்த்திருக்கிறார்கள். நொதிக்கான மரபணு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான் பாப்பா. வயிறுதான் ஒன்றில்லை.

இதைப் படித்த ராத்திரி நான் தூங்கவில்லை. நீ வேலைக்குச் சேர்ந்த வருஷம், கல்யாணப் பந்தியில், சாப்பிட முடியவில்லை என்றாய். “எனக்கும்தான் சுகர், நான் சாப்பிடவில்லையா? எல்லாம் சாக்கு” என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன். அதற்கப்புறம் உன் வயிற்றைப் பற்றி எங்களிடம் நீ பேசியதே இல்லை. நார் அதிகமானால் இன்னும் தங்குமாம். அது தெரியாமல் உன் தட்டில் கீரையை அள்ளி அள்ளி வைத்ததும் நான்தான். தப்பு என்னுடையது.

சோறு இறங்குவதற்குள் ஊசி வேலை செய்தால் சுகர் தாழ்ந்துவிடும். அதற்காகத்தான் குளுக்கோஸ், குளுக்கோஸ் என்று அடித்துக்கொள்கிறேன். ஊசி அளவை நீயாக மாற்றாதே, டாக்டரிடம் கேள். லேசான கதிரியக்க மருந்து கலந்த உணவைக் கொடுத்து நாலு மணி நேரம் படம் பிடித்துப் பார்ப்பார்களாம். அதற்கு நாள் வாங்கினால் எழுது. ரயிலேறி வந்து வெளியே உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றும் கேட்கமாட்டேன்.

பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

அப்பா