காட்டு வகுப்புக்குத் தோள் கொடுத்தோருக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய பெற்றோர்களே, தோட்ட மக்களே, நலன்விரும்பிகளே,

நானுஓயாவை அண்டிய எமது தோட்டப் பாடசாலையில் தரம் 1, தரம் 2 பிள்ளைகள், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்னும் பாடத்தை வாரத்தில் ஒரு காலைப்பொழுது தேயிலை மலைக்கு மேலுள்ள காட்டிலேயே கற்கும் ஏற்பாடு ஓராண்டை நிறைவு செய்திருக்கிறது. அதற்குத் துணைநின்ற அனைவருக்கும் பாடசாலைச் சமூகத்தின் சார்பில் நன்றி கூறவே இம்மடலை வரைகிறேன்.

டென்மார்க்கில் 1950களிலேயே தொடங்கிய இந்தக் காட்டு வகுப்பு முறையை, அங்கே சென்று பார்த்துவந்த இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டர் கல்லூரியினர் 1993இற்குப் பின் தம் நாட்டில் பரப்பினர். ஒரே காட்டுக்கு மீண்டும் மீண்டும் செல்வதே இதன் உயிர்நாடி. ஆண்டுக்கொரு முறை பஸ் பிடித்து ஹக்கலைப் பூங்காவுக்கோ ஹோட்டன் சமவெளிக்கோ போய்வருவதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அங்கே பிள்ளை விருந்தாளி, பாதையை விட்டு விலகக்கூடாது, எதையும் தொடக்கூடாது. நமக்கோ நாம் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குக் குடிதண்ணீர் தரும் ஓடையின் தலைமாட்டிலேயே காடு இருக்கிறது. 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்க விடக்கூடாது என்று தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர் 1873இல் வழங்கிய ஆலோசனை ஏற்கப்பட்டிராவிட்டால், நம் உயர்மலைகளில் எஞ்சியிருக்கும் காடும் கோப்பியாகவோ தேயிலையாகவோ மாறியிருக்கும்.

முதல் நன்றி தோட்ட முகாமையாளர் அவர்களுக்கு. எழுத்தில் அனுமதி தந்ததோடு அமையாமல், ஏறும் பாதையில் மானாப் புல்லை வெட்டுவித்து, பிள்ளைகள் போகும் காலைகளில் ஓரத்து மலையில் மருந்து தெளிப்பதையும் நிறுத்திவைத்தார். மருந்து தெளிப்பை நிறுத்தும்படி நாங்கள் கேட்கவே இல்லை.

குளவிக்குப் பயந்தே பல பெற்றோர் தொடக்கத்தில் ஒப்புதல் தரத் தயங்கினார்கள். கொழுந்து பறிக்கையில் கொட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போனவர்களைக் கண்ட தாய்மாரின் அச்சத்தை அறியாமை என்று யாரும் தள்ளிவிட முடியாது. அந்தத் தயக்கத்தை நீக்கியவர் ஓய்வுபெற்ற கங்காணி ஐயா. வகுப்பு நாளன்று விடியற்காலையிலேயே மேலே ஏறி, டர்பன்டைன் மரங்களை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்துக் கூடு எதுவுமில்லை என்று உறுதி செய்துகொண்ட பின்னரே எங்களை வரச்சொல்வார். வேண்டாமென்று அவர் சொன்ன நாள்களும் உண்டு. அந்நாள்களில் அதிபர் உட்பட எவரும் மறுபேச்சுப் பேசியதில்லை.

முறைவைத்துத் துணைக்கு வந்த தாய்மாருக்கு எவ்வளவு நன்றி கூறினாலும் தகும். காலையில் மலைக்குப் போகாவிட்டால் அன்றைக்கு அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், விழும் என்பதை அறிந்தே வந்தார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இதற்கு ஒரு சிறு கொடுப்பனவாவது ஒழுங்கு செய்ய வேண்டும் என்பது எனது தனிப்பட்ட கருத்து. பழைய படங்குத் துணியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அட்டை கடிக்காதிருக்க முழங்கால்வரை மேசு (காலுறை) தைத்துக் கொடுத்த தையற்கடை அக்காவையும், சவர்க்காரமும் தேசிக்காயும் தந்துதவிய கடைக்காரரையும் அட்டைக்கடி வாங்கிய எவரும் மறக்கமாட்டார்கள்.

வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் வெளிக்கள உத்தியோகத்தர் தமது ஓய்வு நாள்களில் வந்து கற்பித்தார். அவருக்குத் தமிழ் கொஞ்சம், பிள்ளைகளுக்குச் சிங்களம் கொஞ்சம். கீன மரமும் நெலுச் செடியும் அப்படித்தான் அறிமுகமாயின. ஒரு நாள் பாசி படர்ந்த கிளையொன்றில், மூக்கின் நுனியில் வெள்ளைக் கொம்பு நீட்டிய ஓணான் ஒன்று அசையாமல் இருந்தது. அது கொம்பா, ஒட்டிக்கொண்ட முள்ளா என்று இரண்டாம் தரத்துப் பிள்ளைகள் இரு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். உத்தியோகத்தர் உடனே விடை சொல்லிவிடவில்லை. ஓணான் தலையைத் திருப்பட்டும் என்று காத்திருக்கச் சொன்னார்; திருப்பியபோது கொம்பும் கூடவே வளைந்து ஆடியதைக் கண்டு முள் கட்சியினர் தாமாகவே தோல்வியை ஒப்புக்கொண்டார்கள். இலங்கையின் மத்திய மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் அவ்வினம் இல்லை என்பதை அதன் பிறகே சொன்னார். அன்றைய கொப்பிகளில் எழுத்துப் பிழைகள் ஏராளம், ஆனால் ஓணானின் கொம்பை வரையாத கொப்பி ஒன்றுகூட இல்லை. மழை விட்ட பின்னும் பாசியிலிருந்து நீர் சொட்டுவதைப் பிடிக்கச் சிரட்டை வைத்த பிள்ளைகளுக்கு, மரங்கள் மூடுபனியை வடித்து ஓடைக்குத் தருகின்றன என்பதைப் படம் போட்டு விளக்கவேண்டிய தேவை எனக்கு ஏற்படவில்லை.

வலயக் கல்வி அலுவலகத்தின் ஆரம்பக் கல்வி ஆலோசகருக்கும், மழை அங்கிகள் வாங்கித் தந்த பழைய மாணவர்களுக்கும் எமது உளமார்ந்த நன்றிகள்.

அடுத்த தவணையிலிருந்து தரம் 3 பிள்ளைகளும் இணையவுள்ளமையால் துணைவர இன்னும் சில பெற்றோர் தேவைப்படுகின்றனர். விருப்பமுள்ளோர் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுக்கலாம். இரவல் தந்த கம்பூட்ஸ்கள் கழுவிக் காயவைக்கப்பட்டு அலுவலகத்தில் உள்ளன. உரியவர்கள் வெள்ளிக்கிழமைக்கு முன்னர் பெற்றுக்கொள்ளுமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஆரம்பப் பிரிவு வகுப்பாசிரியை