அந்தத் துணியில இருந்த ராசியை விட்டுட்டீங்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். யூதர்களோட பிரசவத் தாயத்து பத்தி போன வாரம் வந்த கட்டுரையை ரெண்டு தடவை படிச்சேன். லிலித்ங்கிற பேய் பச்சப்புள்ளைய கொண்டுபோயிரும்னு பயந்து செனோய், சன்செனோய், செமங்கெலோஃப்னு மூணு தேவதூதர் பேரை காகிதத்துல எழுதி பிள்ளை பெத்தவ ரூம்ல மாட்டுனது, 1701ல ஆம்ஸ்டர்டாம்ல அச்சான ராசியேல்ங்கிற யூத மந்திரப் புத்தகத்துல அந்த மூணு பேருக்கும் படமே இருக்கிறது, எல்லாம் சரிதான். ஆனா "வெறும் மூடநம்பிக்கை"ன்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க பாருங்க, அதான் மனசு கேக்கல. பிரசவம்னாலே உசுரு போய் உசுரு வந்த காலம் சார் அது, பயந்த அம்மா வேற என்னத்த பண்ணுவா.

நான் 25 வருஷமா எம்ப்ராய்டரி சொல்லிக்குடுக்கிறேன், அதனால விம்பெல்ங்கிற தையல் துணி பத்தி ஒரு வார்த்தைகூட இல்லாதது ரொம்பவே உறுத்துச்சு. ஜெர்மனி, அதை ஒட்டி பிரான்ஸ்ல இருக்கிற அல்சாஸ் பக்கத்து யூதர் வீடுகள்ல, ஆம்பளப்புள்ளைக்கு எட்டாம் நாள் சுன்னத் பண்றப்ப புள்ளைய சுத்துன லினன் துணிய துவைச்சு, நாலு பட்டையா கிழிச்சு, நீளவாக்குல ஒட்டுப்போட்டு, அதுல புள்ள பேரு, அப்பா பேரு, பிறந்த தேதி எல்லாம் தைப்பாங்க, "நல்ல மஸால்ல பிறந்தான்"னும் எழுதி பக்கத்துலயே அவன் ராசிப் படத்தையும் போடுவாங்க. யூதர்கள் எல்லாரும் வாழ்த்தா சொல்ற "மஸல் தோவ்" இதேதான், மஸால்னா ராசி, நட்சத்திரம். அப்புறம் "தோராவுக்கும் கல்யாணத்துக்கும் நல்ல செயல்களுக்கும் வளரட்டும்"னு வாழ்த்து, தோரான்னா அவங்க வேதம். புள்ளைக்கு மூணு வயசு வாக்குல அந்தத் துணி ஜெபக்கூடத்துக்குப் போயிரும், தோரா சுருளை சுத்திக் கட்டுறதுக்கு. பொண்ணுக்கு பொதுவா இது கிடையாது, அது எனக்கு வருத்தம்தான். ஆனா லிலித் பயம் மட்டும் ஆணுக்கு 8 நாள், பொண்ணுக்கு 20 நாள்னு பழைய கதையிலயே வருது.

ராசிப் படம் யூதர்களுக்கு ஒட்டாத விஷயம்னு கட்டுரையில சொன்னது தப்பு. இஸ்ரேல்ல பேத் ஆல்ஃபாவுல 1928ல வாய்க்கால் வெட்டுனப்ப வெளிய வந்த ஆறாம் நூற்றாண்டு ஜெபக்கூடத் தரையில 12 ராசியும் வட்டமா இருக்கு. எபிரேயத்துல கும்பத்துக்குப் பேரு வாளி, தனுசுக்குப் பேரு வில்லு. நம்மகிட்ட குடம், அதே வில்லு! இதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு தூக்கமே வரல.

அடுத்த இதழ்ல ஒரு விம்பெல் படத்தை முழுப் பக்கத்துக்கு கலர்ல போடுங்க சார், சின்னதா போட்டா அந்த நாலு துண்டும் சேர்ற தையல் தெரியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கும்பகோணம்