அந்த ஏரிப் படத்தைத் திரும்ப மாட்டுங்கள்

மதிப்பிற்குரிய பொங்கல் விழாக் குழுவினருக்கு,

வணக்கம். ஓவியப் போட்டியில் நடந்தது உங்களுக்கே தெரியும். பரிசு கேட்டு எழுதவில்லை. என் அண்ணன் மகளின் படத்தைக் கண்காட்சியிலிருந்து கழற்றினீர்களே, அதைத் திரும்ப மாட்டுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

'கிராமியக் காட்சி' என்று தலைப்புக் கொடுத்தீர்கள். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள், மொட்டைமாடியிலிருந்து தெரிகிற பெல்லந்தூர் ஏரிக்கரையை வரைந்தாள். மேய்கிற இரண்டு மாடு, அறுத்த புல்லைக் கட்டி டூவீலரில் ஏற்றுகிற ஒருவர், பின்னால் கண்ணாடிக் கட்டடங்கள், மேலே மழைக்கு முந்தின சாம்பல் வானம். அந்த வானத்துக்கு நீலத்தோடு கொஞ்சம் பழுப்பு கலந்து, காய்வதற்குள் துணியால் ஒற்றி எடுத்திருந்தாள். மேகத்தின் அடிப்பக்கம் மட்டும் கனத்துத் தொங்கியது. பத்து வயதுப் பிள்ளை! "மலை எங்கே, சூரியன் எங்கே, இது கிராமமே இல்லை" என்று அவள் எதிரிலேயே சொல்லிக் கழற்றிவிட்டீர்கள். அப்புறம் அவள் பிரஷ்ஷைத் தொடவே இல்லை.

சரி, நீங்கள் கொடுத்த சான்றிதழில் பின்னணியாக ஒரு படம் அச்சடித்திருக்கிறீர்களே, அதை உற்றுப் பார்த்தீர்களா? ஆற்றுத் தண்ணீருக்குள் குதிரை வண்டி, இடப்பக்கம் ஒரு வீடு, கரையில் ஒரு நாய். ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் வரைந்த 'தி ஹே வெய்ன்' அது, லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. வரைந்தவர் பெயரைக்கூட நீங்கள் போடவில்லை. அதிலும் மலை கிடையாது, சூரியன் கிடையாது, வானத்தில் மேகம்தான் கவிந்திருக்கிறது. அழகுக்காக எங்கோ இருக்கிற மலையை அவர் கொண்டுவந்து வைக்கவில்லை. அப்பாவின் மாவு ஆலை இருந்த ஃபிளாட்ஃபோர்டு ஆற்றங்கரையை, சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய இடத்தை வரைந்தார். 1821, 1822இல் லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட்டில் மேகங்களை மட்டுமே படம் படமாக வரைந்து, பின்பக்கத்தில் தேதி, நேரம், காற்று என்று குறித்து வைத்த மனிதர். 1821இல் லண்டனில் காட்சிக்கு வைத்தபோது விலைபோகாத இந்த ஓவியத்துக்கு 1824இல் பாரிஸில் தங்கப் பதக்கம் கிடைத்தது. உங்கள் விதிப்படி பார்த்தால் அதையும் அல்லவா கழற்றியிருக்க வேண்டும்?

உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. இந்த ஊரின் ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்புகளிலும் இதே கதைதான். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை. பிள்ளைகள் மலையைப் பார்த்து வரைவதில்லை, சார் வரைந்த மலையைப் பார்த்து வரைகிறார்கள். ஊரை விட்டு வந்த ஏக்கம் நமக்கு. குடிசையும் தென்னையும் நமக்குத்தான் வேண்டியிருக்கிறது. அதை ஏன் இங்கே பிறந்தவர்கள் தலையில் கட்டுகிறோம்? அவர்கள் கண்ணெதிரே மாடு மேய்கிறது, புல் அறுக்கிறார்கள், மழை வருகிறது. அதை வரைந்தால் கிராமம் இல்லை என்கிறோம்.

விழாவுக்காக நீங்கள் தூக்கமில்லாமல் உழைத்ததை நானும் பார்த்தேன், அதற்கு நன்றி. கண்காட்சி ஞாயிறு வரை இருக்கிறது. அதற்குள் அவள் படத்தை மற்றப் படங்களோடு மாட்டி, கீழே அவள் பெயரை எழுதிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஆண்டு சான்றிதழில் கான்ஸ்டபிளின் பெயரையும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
அவளுடைய அத்தை,
பெல்லந்தூர்