அணை நிலவரத்தைத் தெளிவாகத் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறுவை நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கும் நாள் நெருங்கும்போது, டெல்டா விவசாயிகள் நாளிதழில் முதலில் தேடுவது அணை நிலவரத்தைத்தான். அதில் பல நாள்கள் நீர்மட்டம் அடிக்கணக்கில் மட்டுமே தரப்படுகிறது. மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஆயிரம் மில்லியன் கன அடி). நீர்த்தேக்கம் அடியில் குறுகியும் மேலே அகன்றும் இருப்பதால், நீர்மட்டம் 60 அடியில் நிற்கும்போது இருப்பு பாதியைவிட மிகவும் குறைவாகவே இருக்கும். ஆனால், அடியை மட்டும் பார்ப்பவர் பாதி அணை நிரம்பிவிட்டதாக எண்ணி நாற்றங்காலுக்குத் தயாராகலாம்.

ஆகவே, ஒவ்வோர் அணைக்கும் முழுக் கொள்ளளவு, இன்றைய இருப்பு, அதன் சதவீதம், கடந்த ஆண்டு இதே நாளின் இருப்பு ஆகியவற்றை ஒரே வரிசையில், தசமப் புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்படி அச்சிட வேண்டுகிறேன். ஓர் அணைக்கு டி.எம்.சி., மற்றோர் அணைக்கு மில்லியன் கன அடி என்று அலகுகளைக் கலப்பது ஒப்பிடவே முடியாமல் செய்துவிடுகிறது, 1 டி.எம்.சி. என்பது 1,000 மில்லியன் கன அடி என்பதை எல்லா வாசகரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

பட்டை வரைபடம் வெளியிடும்போது அதைப் பூஜ்ஜியத்திலிருந்தே தொடங்குவது மிக அவசியம். 80-இல் தொடங்கினால், 90 டி.எம்.சி.யைக் காட்டும் பட்டை 85-ஐக் காட்டுவதைப்போல் இரு மடங்கு உயரமாகத் தெரியும். கறுப்பு வெள்ளைப் பக்கங்களில் சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாகிவிடக்கூடும் என்பதால், பட்டையின் மேலேயே எண்ணை எழுதிவிடுவது நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்.